சபுரா பீவிக்குச் சர்க்கரை ஆகாது

நல்லூரில் பொங்கியண்ணனுடைய பனியன் கம்பெனியில் சபுரா பீவியைத் தெரியாத ஆள் கிடையாது. ஓவர்லாக் தையல் மிஷினில் அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்து, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அந்தப் பெயர் போதாதென்று, இன்சுலின் போட்டுக்கொள்கிற பொம்பளை என்ற இன்னொரு பெயரும் அவளுக்கு வந்து சேர்ந்தது. எண்பத்தாறில் அப்படியொரு மருந்து இருப்பதே அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நோய் வந்த கதை சுருக்கமானது. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு கோடையில் தாகம் பிடித்துக்கொண்டது. கம்பெனிப் பானையை அவள் ஒருத்தியே காலி செய்தாள். உடம்பு உருகி, ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. "வெயில் ஒத்துக்கலீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் மிஷின்மேலேயே தலை சாய்ந்து விழுந்தாள். பக்கத்து மிஷின் மருதம்மாள்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். வழியில் வந்த டெம்போவை மறித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மருதம்மாள் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே சபுராவின் கணக்கு முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒருத்தி மருதம்மாளைக் கூப்பிட்டு, ஆயுசுக்கும் தினம் ரெண்டு வேளை ஊசி என்றாள். எப்படிப் போடுவது என்று இரண்டு பேருக்கும் காட்டிக் கொடுத்தாள். கடைசியில் வாசல் வரைக்கும் வந்து, "இனிப்பை இந்தம்மா கண்ணுலயே காட்டக் கூடாது, காட்டினா ஆளைத் தூக்கிடும்" என்று உரக்கச் சொன்னாள். மருதம்மாளுக்கு அது வேதவாக்கு. ஒரு சொல்லைக் கேட்டால் அதையே கட்டிக்கொண்டு அழுகிற ஜாதி அவள். ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

ஊசியோடு குடித்தனம் நடத்துவதென்ன லேசுப்பட்ட காரியமா! கண்ணாடி சிரிஞ்சைத் தினம் கொதிக்க வைக்க வேண்டும். ஊசிமுனை மழுங்கி, தொடையில் இறங்காமல் தோலைப் பிய்க்கும். மண்ணரை என்ற ஊரில் அவள் குடியிருந்த ஒற்றை அறையில் பிரிட்ஜுக்கு எங்கே போவது? ஈர மணல் போட்ட சட்டிக்குள் மருந்துப் புட்டியைப் புதைத்து வைத்திருந்தாள். புருஷன் அய்யூப் கட்டிங் மாஸ்டர், நல்ல மனுஷன். எத்தனை அடுக்குத் துணியானாலும் கத்தியை விட்டு அறுப்பான், ஊசியைக் கண்டால் மட்டும் வெளியே ஓடிவிடுவான். கம்பெனியில் ஓவர்டைம் நாளில் சாயங்கால ஊசிக்காக இன்னொரு புட்டியும் சிரிஞ்சும் உண்டு. புட்டி முதலாளி ஆபீஸ் அறை பிரிட்ஜில், சரக்கு எடுக்க வரும் வெளிநாட்டு பையருக்காக வாங்கி அடுக்கிய கலர் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். முதலாளி சம்சாரம் கருப்பாத்தாள் வைக்கச் சொன்ன இடம் அது. கை அசந்து போன நாட்களில் மருதம்மாளே ஊசி போட்டுவிடுவாள். சபுரா போட்டுக்கொள்வதைவிட அவள் போட்டால் வலி குறைவு என்பதும் உண்மை.

ஊசி மட்டுமா? சபுராவின் வாய்க்கும் மருதம்மாள்தான் காவல். கம்பெனிக்கு டீ வரும்போது, "சபுராவுது எங்க? சீனி போடாதது எங்க?" என்று டீக்காரரை அதட்டுவாள். யார் வீட்டு விசேஷப் பலகாரம் வந்தாலும் சபுரா மிஷினைத் தாண்டித்தான் பொட்டலம் போகும். செக்கிங் பெண்கள் முதல் அயர்ன் மாஸ்டர் வரை எல்லோரையும் பழக்கி வைத்திருந்தாள். சபுரா பீவிக்குச் சர்க்கரை ஆகாது என்பது அந்தக் கம்பெனியின் சட்டம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் சபுராவுக்கு வேறு மாதிரி மயக்கம் வந்தது. கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, கண் இருட்டியது. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிப்போகும், அப்போது உடனே சர்க்கரையை அள்ளி வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் சொன்னார். சபுராவுக்கே அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்து மருதம்மாளிடம் சொன்னாள்.

மருதம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏனம்மிணி, சக்கரையக் கொறைக்க ஊசி போடறது. அப்பறம் அதே சக்கரையத் திங்கறதா? கேக்கறவ கேனச்சியா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. நாக்கு கேக்குதுன்னு சொல்லு, டாக்டர் பேரை எதுக்கு இழுக்கறே?"

"இல்லீங்கக்கா, நெசமாத்தான் சொன்னாருங்க."

"நெசமாத்தான் சொன்னாரு! அந்த நர்ஸம்மா சொன்னத என்ற காதால கேட்டவ நானு."

அதோடு நின்றாளா? சபுரா முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லக்கட்டியை அவளே அவிழ்த்தெடுத்துச் சாக்கடையில் வீசினாள். சபுராவுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது. உயிரைக் காப்பாற்றியவளோடு என்னத்தை மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் ஆயுத பூஜை வந்தது. பனியன் கம்பெனிகளுக்கு அதைவிடப் பெரிய நாள் ஏது? மிஷினையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு மிஷின் முன்னாலும் பொரியும் கடலையும் குவித்து வைப்பார்கள். நடுவில் பெரிய தாம்பாளத்தில் லட்டும் ஜாங்கிரியும் மலைபோல இருக்கும். பூஜை முடிகிற வரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடுவதில்லை. முடிந்ததும் பொங்கலும் வடையும் வயிறு முட்ட. எல்லா வருஷமும் காலை எட்டு மணிக்குள் பூஜை முடிந்துவிடும்.

அந்த நம்பிக்கையில் சபுரா விடியலில் தொழுதுவிட்டு, ஊசியைப் போட்டுக்கொண்டு, பாலும் சீனியும் இல்லாத வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தாள். கம்பெனியில்தான் சாப்பாடு என்பதால் தூக்குப்போசியையும் எடுத்து வரவில்லை. வந்த கையோடு மிஷினைப் பிரித்து, இடுக்கில் அடைத்திருந்த நூல் பஞ்சையெல்லாம் வழித்து, தரையையும் கழுவிவிட்டாள். எட்டு ஆயிற்று. முதலாளியைக் காணோம்.

பொங்கியண்ணன் அந்த வருஷம் புதிதாகச் சாயப் பட்டறை ஒன்றை வாங்கியிருந்தார். முதல் பூஜை துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியில், அடுத்தது புதுச் சாயப் பட்டறையில், கடைசியில்தான் தையல் கம்பெனிக்கு வருவார் என்று ஆள் வந்து சொன்னான். நிட்டிங்கில் முடித்துக் கிளம்பும்போது நேரம் சரியில்லை, சாயப் பட்டறைப் பூஜையை நல்ல நேரம் பார்த்துத் தொடங்குகிறார்கள் என்று இன்னொரு சேதி வந்தது. ஒன்பது மணி பத்தாயிற்று. பசியில் எல்லோருக்கும் கொட்டாவி வந்தது. சபுராவுக்கு முதலில் வந்தது வேர்வை.

அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணெதிரே பொரி, கடலை, வெல்லம், லட்டு. கை நீட்டினால் எட்டும். ஆனால் சாமிக்கு வைத்ததைப் பூஜைக்கு முன்னால் எப்படித் தொடுவது? தொட்டால் சாமி குற்றம் என்று அந்தக் கம்பெனியில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனாலேயே அவளுக்கு மனம் வரவில்லை. நோய்க்கு முந்தி எத்தனையோ வருஷம் தன் நோன்புக்குத் தண்ணீர்கூட எதிரில் குடிக்காமல் ஒதுங்கிப்போனவர்கள் ஆயிற்றே. இதோ வந்துவிடுவார், இதோ கார் சத்தம் கேட்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாழாய்ப்போன மரியாதை!

பொங்கியண்ணன் சம்சாரத்தோடு வந்து சேர்ந்து சூடத்தைப் பற்றவைத்தபோது சபுராவுக்கு உதடு மரத்துவிட்டிருந்தது. மணிச்சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. முன்னால் நிற்பவர்களின் முகம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. சர்க்கரை வேண்டும் என்ற ஒரே நினைப்பு மட்டும் மண்டைக்குள் மீந்து நின்றது. எழுந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு தாம்பாளத்தை நோக்கிப் போனாள்.

"ஏனம்மிணி, என்ன வேணும்?" என்றார் பொங்கியண்ணன், சூடத் தட்டோடு.

"தள்ளுடா, பொங்கியண்ணா!"

கம்பெனி மொத்தமும் மூச்சை நிறுத்தியது. வாங்க போங்க தவிர வேறு பேச்சே அறியாத சபுரா பீவி, முதலாளி வீட்டு நாய்க்குட்டியைக்கூட அதட்டாத சபுரா பீவி, பூஜையின் நடுவில் முதலாளியை "டா" போட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். பேசியது தான் என்பதே அவளுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் ஒரு லட்டை எடுத்து வாயில் திணித்தாள். தாம்பாளம் சரிந்து லட்டுகள் தரையில் உருண்டன.

"அய்யோ, தின்னுபோட்டாளே!" என்று அலறிக்கொண்டு மருதம்மாள் பாய்ந்தாள். சபுராவின் தாடையை அழுத்திப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு, லட்டைத் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்தாள். யாரோ சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாயைக் கொப்புளிக்கவைத்தாள், இரண்டு தடவை. நாக்கில் ஒரு துளி இனிப்பு தங்கிவிடக் கூடாதே என்று அத்தனை கவனம்.

"சக்கரை தலைக்கேறிப்போச்சுங்க! பாருங்க, புத்தியே பெரண்டு போச்சு! அம்மிணி, பிரிட்ஜுல மருந்து இருக்குது, எடுத்தாங்க!" என்று கருப்பாத்தாளிடம் கத்தினாள்.

மருந்து. அந்த ஒரு வார்த்தை மட்டும் சபுராவுக்குள் போய் இறங்கியது. யா அல்லா! இன்னொரு ஊசியா? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது வார்த்தையே இல்லை, மாடு கத்துவதுபோல் ஒரு சத்தம். எழுந்து ஓடப் பார்த்தாள். கால் அவளுடையதாக இல்லை. செக்கிங் பெண்கள் நான்கு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டே, "ஒண்ணுமில்ல கண்ணு, சித்த நேரம் பொறுத்துக்க" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். எல்லோரும் அவள்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். எதிரிகள் பிடித்திருந்தால்கூட உதறியிருப்பாள்.

மருதம்மாளின் முகம் மேலே வந்தது. கையில் சிரிஞ்சு. கண்ணில் தாரையாக நீர். "எங்கய்யனத்தான் வுட்டுட்டேன். உன்னை வுடமாட்டேன் சபுரா, வுடவே மாட்டேன்" என்றாள், இதே நோயில் தகப்பனைப் பறிகொடுத்தவள். தொடையில் ஊசி இறங்கியது. எப்போதும்போல வலியே இல்லை.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில். அப்புறம் கருப்பாத்தாள். பூஜையை அப்படியே விட்டுவிட்டு, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது அந்த அம்மாள்தான். நர்ஸிங் ஹோம் டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரையே இல்லையேம்மா உடம்புல!" என்று கத்திக்கொண்டு, நரம்பில் குளுக்கோஸை அழுத்தி ஏற்றினாராம். பிணம்போலக் கிடந்தவள் அவர் சிரிஞ்சைக் கீழே வைப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். வாசலில் நின்ற மருதம்மாள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

சபுராவுக்கு ஒவ்வொன்றாக நினைவு திரும்பியது. வாய்க்குள் நுழைந்த விரல், காலைப் பிடித்த கைகள், ஊசி. சாவை இத்தனை கிட்டத்தில், அதுவும் சிநேகிதியின் கையில் பார்த்துவிட்டாள். இனி இந்தப் பாவியின் முகத்தில் முழிப்பதில்லை, செத்தாலும் இவளோடு பேச்சில்லை என்று மனதுக்குள் கறுவினாள்.

டாக்டர் திரும்பினார். "ரெண்டாவது ஊசி யாரு போட்டது?"

"நானுங்க" என்றாள் மருதம்மாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளை உட்காரவைத்து, பொறுமையாக விளக்கிச் சொன்னார். ஊசி போட்டால் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் வேர்க்கும், நடுங்கும், புத்தி தடுமாறும், கண்டபடி பேசுவார்கள். அப்போது சர்க்கரைதான் மருந்து. அவர்களே கேட்பார்கள், உடம்பு கேட்கவைக்கும்.

மருதம்மாள் மெதுவாகக் கேட்டாள். "மேலெல்லாம் வேர்த்து ஊத்துமுங்களா? வேட்டி நனையற அளவுக்கு?"

"ஆமா."

"கையப் புடிச்சுட்டு, 'ஆத்தா, ஒரு வாய் கருப்பட்டி குடு'ன்னு கேப்பாங்களா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "யாரும்மா கேட்டது?"

"எங்கய்யனுங்க. போன ஆடியில. உடுமலப்பேட்டைக்கு அக்கட்ட, எங்க ஊட்ல. சபுராவுக்குப் போட்டுப் பழகுன கைதானே, அய்யனுக்கும் நாந்தான் ஊசி போட்டு வுட்டேன். போட்டுட்டுச் சோறாக்கப் போனனுங்க. வெறகு ஈரம், அடுப்பு புடிக்கவே இல்ல. வந்து பாத்தா இப்பிடித்தான் வேர்த்துக் கெடந்தாருங்க. கருப்பட்டி கருப்பட்டின்னாரு. நான் டப்பாவத் தூக்கிப் பரணையில வெச்சுப்போட்டேன். கேட்டுட்டே இருந்தாருங்க. அப்பறம் கேக்கல." அவள் குரலில் அழுகை இல்லை. "சாவற வரைக்கும் ஒரு பொட்டு இனிப்புக் குடுக்கலீன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னனுங்க."

கருப்பாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் தொண்டையைச் செருமி, "ஆளைப் பாக்காம என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. வயசானவரு, எதுவா வேணும்னாலும் இருந்திருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்க எழுந்து போனார்.

மருதம்மாள் கட்டிலருகே வந்தாள். "சபுரா, நீ அன்னைக்கே சொன்னே. நாந்தான் சிரிச்சேன். இப்பக் கேக்கறேன், நீ சொல்லு. எங்கய்யனுக்கு ஒரு வாய் குடுத்திருந்தா போதுமா?"

சபுராவுக்குச் சற்று முன்பு வரை இவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. இப்போது அதற்கான சொல் நாக்கிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, இவள் இன்றே செத்துப்போவாள். குளுக்கோஸ் ஏறாத கையை நீட்டி மருதம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். லட்டைத் தோண்டி எடுத்த அதே கை, ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது.

"போதாதுங்கக்கா" என்றாள் சபுரா. "அவிய வயசுக்கெல்லாம் அது போதாது. நீங்க குடுத்திருந்தாலும் நின்னிருக்க மாட்டாங்க."

மருதம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். செத்துக் கிடந்து எழுந்து உட்கார்ந்திருக்கிற அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பொய் சொல்றே" என்றாள். கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.